இவி-க்கு ஆயிலே வேண்டாம்னு சொன்னாங்களே... உண்மையா? எலெக்ட்ரிக் வாகனத்துக்குள் ஓடும் திரவங்கள் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலெக்ட்ரிக் கார் வாங்கிய நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "பெட்ரோல் செலவு மிச்சம், ஆயில் மாத்துற தொல்லையும் இல்லை" என்பார். ஷோரூமிலும் அதையே சொல்லித்தான் விற்றிருப்பார்கள்.

அது பாதி உண்மை. என்ஜின் இல்லாத வண்டிக்கு என்ஜின் ஆயில் தேவையில்லை, சரி. ஆனால் அந்த காரின் பானெட்டைத் திறந்தால், கலர் கலராகத் திரவம் நிரம்பிய ஒன்றிரண்டு பிளாஸ்டிக் டேங்க் கண்ணில் படும். கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இன்னும் சில திரவங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியிலேயே விலை அதிகமான பாகமான பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரச்னை என்னவென்றால், இந்தத் திரவங்களைப் பற்றி வாங்குபவருக்கும் தெரிவதில்லை, தெருமுனை மெக்கானிக்குக்கும் தெரிவதில்லை. பெட்ரோல் காரில் பல வருஷம் பழகிய கை, அதே பழக்கத்தில் இவி-யிலும் கைவைக்கிறது. "கூலன்ட் குறைஞ்சிருக்கு சார், கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?" என்ற சாதாரணக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில், லட்சக்கணக்கான ரூபாய் பேட்டரியின் வாரண்டியைத் தீர்மானிக்கலாம்.

எந்தத் திரவம் என்ன வேலை செய்கிறது? எது உண்மையான தொழில்நுட்பம், எது வெறும் லேபிள்? வரிசையாகப் பார்ப்போம்.

மொத்தம் எத்தனை திரவம்?

கண்ணாடி துடைக்கும் தண்ணீரை விட்டுவிட்டால், ஒரு சராசரி எலெக்ட்ரிக் காரில் முக்கியமாக ஐந்து இருக்கும்.

• கூலன்ட்: பேட்டரி, மோட்டார், மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் சூட்டை இழுத்துச் செல்வது.
• கியர் ஆயில்: மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கியர்பாக்ஸுக்கானது.
• ஏசி வாயுவும், அதனுடன் கலந்து ஓடும் கம்ப்ரசர் ஆயிலும்.
• பிரேக் ஆயில்.
• கிரீஸ்: பேரிங்குகளில் இருப்பது. திரவம் என்று சொல்ல முடியாவிட்டாலும் வேலை அதே வேலைதான்.

பெயர்களைப் பார்த்தால் பெட்ரோல் காரிலும் இதெல்லாம் உண்டே என்று தோன்றும். உண்டுதான். ஆனால் பெட்ரோல் காரில் இவை மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அங்கே இருப்பது 12 வோல்ட் பேட்டரி. எலெக்ட்ரிக் காரில் பொதுவாக 300 முதல் 400 வோல்ட், சில புதிய கார்களில் 800 வோல்ட் வரை. அவ்வளவு மின்சாரத்துக்குப் பக்கத்தில் ஓடும் திரவம், சூட்டைக் கடத்த வேண்டும், மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. அத்தனை சிக்கலும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து தொடங்குகிறது.

கூலன்ட்: டிடிஎஸ் கணக்கு தெரிந்தால் இது புரியும்

லித்தியம் பேட்டரிக்குப் பிடித்த வெப்பநிலை ஏறக்குறைய நமக்குப் பிடித்ததுதான்: 15 முதல் 35 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் சூடாக ஆக செல்லுக்குள் தேய்மானம் வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் தேய்மான வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு.

இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறார்கள். அன்றைய நிசான் லீஃப் காரின் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு இருக்கவில்லை. 2012 கோடையில், பாலைவன வெயில் அடிக்கும் ஃபீனிக்ஸ் பகுதியில் அந்தக் காரை வைத்திருந்த பலர், ஒன்றிரண்டு வருஷத்துக்குள்ளேயே பேட்டரியின் கொள்ளளவு குறைந்துபோனதாகப் புகார் சொன்னார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பேட்டரிக் கொள்ளளவுக்கே தனி வாரண்டி தர வேண்டிய நிலைக்கு நிறுவனம் வந்தது. வேலூரிலும் நாக்பூரிலும் டெல்லியிலும் மே மாத வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் இன்று பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரிக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்து, அதற்குள் கூலன்டை ஓட விடுகிறார்கள். கூலன்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தது. உலோகம் அரிக்காமல் இருக்க அதில் சில உப்புகளையும் சேர்ப்பார்கள்.

சிக்கலே அந்த உப்பில்தான். உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பெட்ரோல் காரின் சாதாரண கூலன்டின் மின்கடத்துதிறன் ஆயிரக்கணக்கான மைக்ரோசீமன்ஸ் அளவில் இருக்கும். என்ஜினுக்குள் அது பிரச்னையே இல்லை. பேட்டரிக்குள் ஒரு சின்னக் கசிவு வந்தால் கதை வேறு.

என்ன ஆகும் என்பதற்கு 2011-ல் நடந்த ஒரு சம்பவம் உதாரணம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஷெவர்லே வோல்ட் காரைப் பக்கவாட்டில் மோத விட்டுச் சோதித்தது. சோதனை முடிந்து கார் ஓரமாக நிறுத்தப்பட்டது. சுமார் மூன்று வாரம் கழித்து, யாரும் தொடாத அந்த கார் தீப்பிடித்தது. மோதலில் பேட்டரிப் பெட்டியில் ஓட்டை விழுந்து, கூலன்ட் உள்ளே கசிந்து, மெதுவாக மின்கசிவை உண்டாக்கியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 2012 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் பேட்டரியைச் சுற்றியுள்ள அமைப்பை வலுப்படுத்துவதாகவும், கூலன்ட் அளவைக் கண்காணிக்க சென்சார் வைப்பதாகவும் அறிவித்தது.

இந்தச் சிக்கலுக்கு விடையான யோசனைதான் 'லோ கண்டக்டிவிட்டி கூலன்ட்', அதாவது மின்கடத்துதிறன் மிகக் குறைந்த கூலன்ட். எலெக்ட்ரிக் வாகனக் கூலன்டுக்கென்றே சீனா தனியாக ஒரு தரநிலையை வகுத்திருக்கிறது. அதில் புதிய கூலன்டின் கடத்துதிறன் 100 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. சாதாரண கூலன்டோடு ஒப்பிட்டால் பத்து இருபது மடங்குக்கும் கீழே. உப்பைக் குறைத்தால் அரிப்பு வரும், அரிப்பைத் தடுக்க உப்பைச் சேர்த்தால் மின்சாரம் பாயும். இரண்டையும் சமாளிக்க வேறு வகை அரிப்புத் தடுப்பான்களைத் தேட வேண்டியிருந்தது. இவி கூலன்ட் விலை கூடுதலாக இருப்பதற்கு இது நியாயமான காரணம்.

சரி, "கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?" என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்களுக்கு டிடிஎஸ் என்றால் தெரியும். டிடிஎஸ் 500 காட்டும் போர்வெல் தண்ணீரின் கடத்துதிறன் தோராயமாக 700 முதல் 1,000 மைக்ரோசீமன்ஸ். சென்னையிலும் பெங்களூருவிலும் பல இடங்களில் போர் தண்ணீர் அதையும் தாண்டும். நாம் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரே டிடிஎஸ் 50 முதல் 100 இருந்தால், கடத்துதிறன் 100-ஐத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் போதும், விலை கொடுத்து வாங்கிய கூலன்டின் குணத்தைக் கெடுக்க.

"டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினா பரவாயில்லையா?" என்றால், குழாய்த் தண்ணீருக்கு அது மேல். ஆனால் அதுவும் அரிப்புத் தடுப்பான்களை நீர்க்கச் செய்யும். உங்கள் வண்டியின் கையேடு ஏற்கனவே கலந்து வரும் கூலன்டைத்தான் ஊற்றச் சொல்கிறது என்றால், அதைத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம்: எல்லா இவி-க்கும் ஒரே கூலன்ட் கிடையாது. சில நிறுவனங்கள் குறைந்த கடத்துதிறன் கூலன்டையே கேட்கின்றன, ஹூண்டாயின் அயோனிக் 5 அப்படிப்பட்டது. வேறு சில நிறுவனங்கள் வழக்கமான வகையையே பயன்படுத்துகின்றன. பிஒய்டி தன் சில மாடல்களில் பேட்டரித் தகட்டுக்குள் கூலன்டுக்குப் பதில் ஏசி வாயுவையே நேரடியாக ஓட விடுகிறது. நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. நீலம், பச்சை, பிங்க் எல்லாம் நிறுவனம் சேர்க்கும் சாயம்தான், தரத்தின் அடையாளம் அல்ல.

கியர் ஆயில்: செம்புக்குப் பகையான கந்தகம்

எலெக்ட்ரிக் காரில் பல கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு குறைப்பு கியர்பாக்ஸ் கட்டாயம். ஒரு சாதாரண பெட்ரோல் என்ஜின் 6,000 ஆர்பிஎம் சுற்றினாலே அலறும். இவி மோட்டார்கள் 12,000 முதல் 20,000 ஆர்பிஎம் வரை சுலபமாகப் போகும். அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே ஆயிலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலை. சிக்னலில் நின்று ஆக்ஸிலேட்டரை அழுத்திய அந்த நொடியே மோட்டார் முழு முறுக்குவிசையைக் கொடுக்கிறது. அப்போது கியர் பற்களுக்கு நடுவே ஆயில் படலம் சரியாக உருவாகியிருக்காது, அதனால் கெட்டியான, பாதுகாப்பான ஆயில் வேண்டும். நெடுஞ்சாலையில் 15,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது கெட்டியான ஆயில் பெரும் சுமை. அதைக் கலக்குவதிலேயே பேட்டரி சார்ஜ் வீணாகும், நுரையும் வரும். அப்போது தண்ணீர் போல மெல்லிய ஆயில் வேண்டும். இரண்டையும் ஒரே ஆயில் செய்ய வேண்டும் என்பதுதான் சவால்.

மூன்றாவது சிக்கல்தான் உண்மையிலேயே புதுசு. பல புதிய மோட்டார்களில் ஆயில் கியரோடு நிற்பதில்லை, மோட்டாருக்குள்ளும் பாய்ந்து செம்புக் கம்பிச் சுருளின் மேலேயே விழுந்து அதைக் குளிர்விக்கிறது. வழக்கமான கியர் ஆயிலில், பற்கள் தேயாமல் இருக்கக் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கும். இரும்பைக் காப்பாற்றும் அதே கந்தகம், சூட்டில் செம்பைத் தாக்கி காப்பர் சல்ஃபைடை உண்டாக்கும். அந்தக் கறை மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. படிந்துகொண்டே போனால் ஒரு நாள் ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் "கியர் ஆயில்தானே, எதை ஊத்தினா என்ன?" என்ற வாதம் ஆயில் குளிர்விக்கும் மோட்டார்களில் எடுபடாது.

பேரிங்கிலும் ஒரு விசித்திரம் நடக்கிறது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைத்துப் போடுகிறது. இதனால் மோட்டாரின் அச்சில் மின்னழுத்தம் சேரும். அது வெளியேற வழி தேடி, பேரிங்கில் உள்ள மெல்லிய ஆயில் படலத்தையோ கிரீஸையோ துளைத்துக்கொண்டு சின்னப் பொறியாகப் பாயும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு நுண்ணிய குழி. காலப்போக்கில் பேரிங்கின் உட்பக்கம் பழைய காலத்துத் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகிவிடும், ஊளைச் சத்தம் வரும். இதைத் தவிர்க்க செராமிக் உருளைகள், அச்சுக்கு எர்த் வளையம் என்று பல வழிகளைக் கையாள்கிறார்கள். ஆயிலும் கிரீஸும் அதில் ஒரு பங்கு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெட்ரோல் எரியும் கரியும் புகையும் இந்த ஆயிலில் கலப்பதில்லை. அதனால் என்ஜின் ஆயிலைப் போல அடிக்கடி மாற்ற வேண்டாம். பல நிறுவனங்கள் 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை' என்றே சொல்கின்றன. ஆனால் யாருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி. வாரண்டி முடியும் வரைக்கா, அல்லது நீங்கள் 12 வருஷம் ஓட்டப்போகும் வரைக்கா? வண்டியை நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்கள், சர்வீஸ் சென்டரில் இதை நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

ஏசி ரிப்பேர்: யாரும் எச்சரிக்காத இடம்

இந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாததும், தெருவோரக் கடையில் மிக எளிதாகத் தவறு நடக்கக்கூடியதும் இதுதான்.

பெட்ரோல் காரில் ஏசி கம்ப்ரசரை என்ஜின் பெல்ட் சுற்றுகிறது. அதில் பிஏஜி என்ற வகை ஆயில் ஊற்றுவது வழக்கம். எலெக்ட்ரிக் காரில் கம்ப்ரசருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் உட்கார்ந்திருக்கும், ஏசி வாயுவும் ஆயிலும் அந்த மோட்டாரைத் தொட்டுக்கொண்டே ஓடும். அதனால் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும் பிஓஇ வகை ஆயிலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். இதில் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்தடுப்பு குறைந்துபோகும். பழைய கார்களுக்குப் பயன்படுத்திய ஏசி மெஷினின் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே சிக்கலைத் தரலாம். மின்கசிவு இருப்பதாக கார் உணர்ந்தால், பாதுகாப்புக்காக உயர் மின்னழுத்த அமைப்பையே நிறுத்திவிட வாய்ப்புண்டு.

பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்டைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். "ஏசி கொஞ்சம் கம்மியா அடிக்குது, வெயில் காலம் முடியட்டும் பாத்துக்கலாம்" என்று பெட்ரோல் காரில் தள்ளிப்போடலாம். இவி-யில் ஏசி பலவீனமானால், வேர்ப்பது உங்களுக்கு மட்டும் இல்லை, பேட்டரிக்கும்தான்.

பிரேக் ஆயில்: தேதி முக்கியம், கிலோமீட்டர் அல்ல

இவி-யில் காலை எடுத்தாலே மோட்டார் வண்டியின் வேகத்தை இழுத்துப் பேட்டரிக்கு அனுப்பிவிடும். பிரேக் பேட் அதிகம் தேயாது. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. நீங்கள் பிரேக் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் முக்கியம். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று விட்டுவிடாமல், கையேட்டில் சொன்ன காலக்கெடுப்படி சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு காசு மிச்சப் பாடமும் உண்டு. கையேட்டில் டாட் 4 என்று போட்டிருந்தால், அந்தத் தரத்துக்கு உட்பட்ட நல்ல பிரேக் ஆயில் போதும். 'இவி ஸ்பெஷல்' என்று பாட்டிலில் எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு?

இந்தியாவில் இவி என்றால் பெரும்பாலும் கார் அல்ல. 2024-25 நிதியாண்டில் பதிவான சுமார் 19.7 லட்சம் எலெக்ட்ரிக் வாகனங்களில், இருசக்கர வாகனங்களே சுமார் 11.5 லட்சம். மீதியில் பெரும்பகுதி மூன்று சக்கர வாகனங்கள். கார் 1 லட்சத்தை ஒட்டித்தான்.

ஸ்கூட்டரில் கதை எளிது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் டிவிஎஸ் ஐக்யூப் போன்ற வண்டிகளில் கியர் ஆயிலுக்கே வேலை இல்லை. ஏதர் போல பெல்ட் வைத்த வண்டிகளில் பெல்ட்டின் இறுக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் வைத்த மாடல்களில் மட்டும் கொஞ்சம் ஆயில் இருக்கும்.

ஆனால் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. காற்றுதான் கூலன்ட். 2022 மார்ச், ஏப்ரலில் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததும், வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்ததும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச் இறுதியிலிருந்தும் இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. பேட்டரியின் பாதுகாப்புக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. காசு செலவில்லாத கூலன்ட் அது.

லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடும் இ-ரிக்‌ஷாக்களுக்கு இன்னமும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், பின் அச்சில் கியர் ஆயிலும் பார்க்க வேண்டும். வட இந்திய நகரங்களில் லட்சக்கணக்கானோரின் பிழைப்பு ஓடுவது அந்தத் தண்ணீர் பாட்டிலை நம்பித்தான்.

அடுத்து வருவது: பேட்டரியையே ஆயிலில் முக்குவது

வேகமாக சார்ஜ் போட வேண்டும் என்றால் கரன்ட் கூட வேண்டும். கரன்ட் இரண்டு மடங்கானால், உள்தடையால் வரும் சூடு நான்கு மடங்காகும். அடியில் ஒரு தகடு வைத்துக் குளிர்விப்பது அப்போது பத்தாது. அதற்குத்தான் 'இம்மர்ஷன் கூலிங்': மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் செல்களையே மூழ்க வைப்பது.

மெர்சிடிஸ்-ஏஎம்ஜியின் ஹைபிரிட் கார்களில் இது ஏற்கனவே இருக்கிறது. 560 செல்களைச் சுற்றி சுமார் 14 லிட்டர் திரவம் ஓடி, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் குளிர்விக்கிறது.

அப்படியென்றால் எல்லா காரிலும் ஏன் வரவில்லை? இயற்பியல் ஒரு காரணம். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் தேவை. ஆயிலுக்கு ஏறக்குறைய 2 போதும். அதாவது, ஒரே எடையில் தண்ணீர் தூக்கிச் செல்லும் சூட்டில் பாதியைத்தான் ஆயில் தூக்கும். அதை ஈடுகட்ட நிறைய ஆயில் வேண்டும், எடை கூடும், விலையும் கூடும். இன்னொரு வகையான ஃப்ளோரின் சார்ந்த திரவங்கள், எளிதில் அழியாத பிஃபாஸ் ரசாயனங்கள் என்பதால் சிக்கலில் இருக்கின்றன. இவற்றின் பெரிய தயாரிப்பாளரான 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் பிஃபாஸ் தயாரிப்பையே கைவிடுவதாக 2022-ல் அறிவித்தது.

நம் ஊரிலும் ஒரு வித்தியாசமான முயற்சி நடந்தது. பெங்களூருவின் எக்ஸ்போனென்ட் எனர்ஜி நிறுவனம், குளிர்விக்கும் இயந்திரத்தை வண்டியில் வைக்காமல் சார்ஜரில் வைத்தது. சார்ஜ் போடும்போது, அதே இணைப்பு வழியாகக் குளிர்ந்த நீரும் பேட்டரிக்குள் பாய்ந்து திரும்பும். 15 நிமிடத்தில் முழு சார்ஜ் என்பது அவர்கள் இலக்கு. ஆட்டோவும் சரக்கு வண்டியும் ஓட்டிப் பிழைப்பவருக்கு, வண்டியில் எடையும் விலையும் ஏறாமல் நேரம் மிச்சமாவது பெரிய விஷயம். 40 டிகிரி வெயிலைத் தினமும் பார்க்கும் ஊரில் பிறக்க வேண்டிய யோசனைதான்.

ஆயில் கம்பெனிகளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

ஒரு எளிய கணக்கு. சிறிய பெட்ரோல் காருக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை 3 முதல் 4 லிட்டர் என்ஜின் ஆயில். 1 லட்சம் கிலோமீட்டருக்கு 30 முதல் 40 லிட்டர். அதே தூரத்தில் ஒரு எலெக்ட்ரிக் காரின் கியர்பாக்ஸுக்கு ஓரிரு லிட்டர் போதும். லிட்டர் கணக்கில் வாழ்ந்த தொழிலுக்கு இது பெரிய அடி. அதனால் அளவு குறைவாக, விலை அதிகமாக உள்ள பொருளுக்கு நிறுவனங்கள் நகர்கின்றன.

காஸ்ட்ரால் 2021-ல் 'ஆன்' என்ற பெயரில் இவி திரவங்களுக்கென்று தனி பிராண்டைக் கொண்டுவந்தது. சென்னை எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் கல்ஃப் ஆயில், திரவங்களோடு நிற்காமல், சார்ஜர் தயாரிக்கும் டைரெக்ஸ் நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை வாங்கியது. இன்னொரு பக்கம், சவுதி அராம்கோ 2023-ல் வால்வோலினின் ஆயில் தயாரிப்புத் தொழிலை 265 கோடி டாலருக்கு வாங்கியது. ஒருவர் புதிய தொழிலுக்கு மாறுகிறார், இன்னொருவர் பழைய தொழிலிலேயே இன்னும் பல வருஷம் லாபம் இருக்கிறது என்று பணம் போடுகிறார். இரண்டு பேர் கணக்கும் சரியாக இருக்கலாம். இந்தியாவில் கோடிக்கணக்கான பெட்ரோல் பைக்குகள் நாளைக்கே காணாமல் போகப் போவதில்லை.

ஆனால் உங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கு அப்படிப் பல வருஷ அவகாசம் இல்லை. அவருடைய வருமானத்தில் பெரிய பங்கு ஆயில் மாற்றும் வேலைதான். வாரண்டி முடிந்த இவி-கள் இனி அவரிடம்தான் வரப்போகின்றன. உயர் மின்னழுத்தத்தைத் தொடப் பயிற்சியோ, எந்தக் கூலன்ட் எந்த வண்டிக்கு என்ற தகவலோ அவருக்குக் கிடைக்காவிட்டால், நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, செகண்ட் ஹேண்டில் இவி வாங்கும் நமக்கும்தான்.

அப்படியென்றால் 'இவி' லேபிள் உண்மையா, பொய்யா?

சுருக்கமாகச் சொன்னால்: கூலன்டிலும், மோட்டாரைத் தொடும் கியர் ஆயிலிலும், ஏசி கம்ப்ரசர் ஆயிலிலும் வித்தியாசம் உண்மை. பிரேக் ஆயிலில் தரக் குறியீடுதான் முக்கியம், 'இவி' என்ற எழுத்து அல்ல.

லேபிளை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, எண்ணைத் தேடுவது. 'இவி கூலன்ட்' என்று விற்கும் பாட்டிலிலோ அதன் தகவல் தாளிலோ, மின்கடத்துதிறன் எத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத 'இவி', வெறும் ஸ்டிக்கர். குடிநீர் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடுகிறோம். பேட்டரிக்கு அடியில் ஓடும் திரவத்துக்கும் அந்த எண்ணை அச்சிடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. ஏஐஎஸ் விதிகள் வண்டியையும் பேட்டரியையும் சோதிக்கின்றன. வண்டி விற்ற பிறகு அதற்குள் கடையில் வாங்கி ஊற்றப்படுவதையும் யாராவது கவனிக்க வேண்டும் அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது

• கையேட்டில் 'கூலன்ட்', 'கியர் ஆயில்' பக்கங்களைத் தேடி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கவுன்டரில் விவாதம் வந்தால் அதுதான் உங்கள் பதில்.
• மாதம் ஒரு முறை, வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்கின் அளவைக் கண்ணால் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். மூடிய அமைப்பில் கூலன்ட் அடிக்கடி குறைகிறது என்றால், அது எங்கோ போகிறது என்று அர்த்தம். ஊற்றி நிரப்பிவிட்டு மறக்காமல், எங்கே போகிறது என்று கேளுங்கள்.
• அவசரத்துக்குக்கூடத் தண்ணீர் கலக்க விடாதீர்கள். வேறு வழியே இல்லாமல் கலந்தால், சர்வீஸ் சென்டரில் மறைக்காமல் சொல்லி முழுவதையும் மாற்றிவிடுங்கள்.
• ஏசி வேலைக்குப் போனால், "இது எலெக்ட்ரிக் கார், கம்ப்ரசருக்கு எந்த ஆயில் ஊத்துவீங்க?" என்று முதலிலேயே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் அடுத்த கடை.
• விபத்தோ, வெள்ளத்தில் மூழ்கியதோ நடந்திருந்தால், வண்டி நன்றாக ஓடினாலும் பேட்டரிப் பெட்டியைச் சோதிக்காமல் விடாதீர்கள். வோல்ட் கார் மூன்று வாரம் கழித்துத்தான் எரிந்தது. டிசம்பர் மழையைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.
• செகண்ட் ஹேண்ட் இவி வாங்கும்போது பேட்டரி ஹெல்த் சதவீதத்தோடு, கூலன்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற பில்லையும் கேளுங்கள்.
• எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். மிச்சக் கூலன்டை மூடி வைக்காமல் குழந்தைகள், நாய், பூனை எட்டும் இடத்தில் விடாதீர்கள். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

எலெக்ட்ரிக் வண்டிக்குப் பராமரிப்பு குறைவு என்பதில் பொய் இல்லை. ஆனால் பெட்ரோல் வண்டியில் ஆயில் குறைந்தால் சத்தம் கேட்கும், புகை வரும், ஏதாவது ஒரு வகையில் வண்டியே சொல்லிவிடும். இவி-யில் தப்பான கூலன்ட் ஊற்றினால் அன்றைக்கு எதுவுமே தெரியாது. வண்டி எப்போதும் போல அமைதியாகத்தான் ஓடும். பில் வருவது சில வருஷம் கழித்து, வாரண்டி முடிந்த பிறகு. அதனால் அடுத்த முறை யாராவது "கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா சார்?" என்று கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: "வேண்டாம்ணே, புக்ல என்ன போட்டிருக்குன்னு முதல்ல பார்த்துடலாம்."